தண்ணீர் என்று சொல்லக் கூடாது

பொதுமக்களின் சொல்வளத்தை உயர்த்துவது என்று எங்கள் செயின்ட் ஓபெர் தீவின் குடிநீர் அலுவலகம் தீர்மானித்தது. தண்ணீர் கொடுப்பதைவிட அது சுலபம். இனி புகார்க் கடிதத்தில் பன்னிரண்டு உயர்தரச் சொற்களாவது இருக்க வேண்டும். குறைந்தால் கோப்பு திறக்கப்படாது.

குழாய் காய்ந்து பத்தொன்பது நாள். சனிக்கிழமை இஸ்மே அத்தையின் மகளுக்குக் கல்யாணம். இருநூறு பேருக்குக் கோழி போட்டு பெலாவ் சோறு ஆக்க வேண்டும். அத்தையோடு நானும் அலுவலகம் போனேன்.

"தம்பி, தண்ணி வரல. ஒரு லாரி அனுப்புப்பா."

எழுத்தர் கத்பர்ட் மூக்கால்தான் பேசுவார். (நான் அதேபோல் பேசினால் அவர் வீட்டு நாய் எனக்கு வாலாட்டும்.) "அம்மணி, 'வரல' என்பது தொடக்கப்பள்ளிச் சொல்."

"தொண்டை காயுதே, அதுக்குப் பெரிய பள்ளிக்கூடத்துல என்னப்பா சொல்லுவாங்க?"

"அதற்குத் தனிப் படிவம்."

ஊரே அகராதியில் விழுந்தது. மீன்காரர் எல்ராய், "அண்மையில் உயிர்நீத்த ஜலஜந்துக்கள்" என்று கூவிக்கொண்டு போனார். துக்கம் விசாரிக்க நாலு பேர் வந்தார்கள், மீன் விற்கவில்லை.

வியாழக்கிழமை அத்தை கடிதத்தை நீட்டினாள்: "அநவரத ஜலாபாவத்தினால் விவாக போஜன நிர்வாகம் ஸ்தம்பித்திருப்பதை..."

கத்பர்ட் மூன்று முறை வாசித்தார். புரியவில்லை, மேலதிகாரிக்கு அனுப்பினார். அவருக்கும் புரியவில்லை. அது வெளியே தெரியக் கூடாதே என்று, "கேட்டதை உடனே வழங்குக" என எழுதிக் கையெழுத்திட்டார். கேட்டது எது என்று யாருக்கும் தெரியாததால், அலுவலகத்தில் இருந்த ஒரே பொருளான தண்ணீர் லாரியை அனுப்பிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை ஓட்டுநர் தெருமுனையில் ஹார்ன் அடித்தார். "தண்ணி வந்திருக்கு, வாளி எடுத்துட்டு வாங்க!"

தெரு முகம் சுளித்தது.

"யாருப்பா நீ? அரசாங்க ஆளு இப்படியா பேசுவான்?" என்றாள் அத்தை சன்னலிலிருந்து. "முறைப்படி எழுதிக் குடு."

"எனக்கு எழுத வராதும்மா. வேணுமா, வேணாமா?"

வேணும் என்று நான் கத்தியிருக்கலாம். எதிர்ச் சன்னலில் என் வகுப்பு கேத்லின் நின்றுகொண்டிருந்தாள். கத்தவில்லை.

லாரி அடுத்த ஊருக்குப் போய்விட்டது.

அடுப்பு மூட்டாத அந்தக் கல்யாணத்தில் விருந்தாளிகள் ரம்மைக் கலக்காமல் குடித்துவிட்டு, ஆளுக்கு அரைமணி நேரம் சொற்பொழிவு ஆற்றினார்கள். சாப்பாடு எங்கே என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் படிக்காதவர் என்று நினைத்துவிடுவார்களே.