கல்யாணத்துக்கு முன்பே பன்னிரண்டு பிள்ளைகள்

சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது சுகமான வேலை என்று யாராவது சொன்னால், அவர் அந்த வேலையை ஒருநாளும் செய்ததில்லை என்று நான் சத்தியம் பண்ணுவேன். பதினெட்டு வயதில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். எட்டாம் வகுப்புப் பாஸ் பண்ணியிருந்தேன். மிச்சமெல்லாம் தலைக்கனம்.

தெல்லிப்பழைக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு தொல்லை இருந்தது. புகையிலைக்குத் தண்ணீர் இறைக்கும் மாதங்களில் தாய்மார் விடியவே தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். தம்பி தங்கையைப் பார்ப்பதற்கென்று பெரிய பெண்பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவார்கள். மனேச்சர் (பள்ளியை நடத்தியவரை அப்படித்தான் சொல்வோம்) அதற்கு ஒரு வழி கண்டார். பள்ளி வளவுக்குள் ஒரு கிடுகுக் கொட்டில் போட்டு, குழந்தைகளை அங்கே கொண்டுவந்து விடச் சொன்னார். அக்காமார் கவலையில்லாமல் வகுப்பில் இருக்கலாம். குழந்தைகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

முதல் நாள் மனேச்சர் சொன்னது கொஞ்சம்தான்.

"பிள்ளை, உந்தக் கிணத்துக்குச் சுத்துக்கட்டு இல்லை. குழந்தையளிலை இருந்து கண்ணை எடுக்கப்படாது. மற்றதெல்லாம் பிறகு."

"ஓம் ஐயா" என்றேன். இதற்கெல்லாம் ஒரு புத்திமதியா என்று மனதுக்குள் சிரித்துக்கொண்டேன்.

பன்னிரண்டு குழந்தைகள் வந்தார்கள். எல்லோரிலும் சின்னவள் பூமணி. மூன்று வயதுகூட நிரம்பவில்லை. அவளுடைய அக்கா பாக்கியம் இரண்டாம் வகுப்பு. ஒரு வருடமாகத் தங்கையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டோடு கிடந்தவள், இப்போது புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவாள், யாரோ பறிக்கப் போகிறார்கள் என்பது போல. இடைவேளைக்கு ஓடிவந்து தங்கையின் மூக்கைத் துடைத்துவிட்டு, அன்று படித்த பாடத்தை என்னிடம் ஒப்புவித்துவிட்டுப் போவாள். (நான் கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் விடமாட்டாள்.)

இப்படி இருக்கும்போது எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை கொழும்பில் கிளாக்கர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்று போனால் ஊர் கதைக்கும் என்பதால், தரகர் ஒரு யோசனை சொன்னார். மாப்பிள்ளை தற்செயலாகப் பள்ளிக்கூட ஒழுங்கையால் சைக்கிளில் போவார். நானும் தற்செயலாக வேலியோரம் நிற்க வேண்டும். இந்தத் தற்செயலுக்கு நல்ல நேரமும் பார்த்திருந்தார்கள்.

வேலி ஒரு கோடியில், கொட்டிலும் கிணறும் மறு கோடியில். நான் வேலிக்குப் போனால் குழந்தைகளை யார் பார்ப்பது? அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. (அது சும்மா இருந்திருந்தால் ஒருவருக்கும் ஒரு குறையும் வந்திராது.) தண்ணீர் இறைத்துப் பழசான ஒரு துலாக் கயிற்றை எடுத்தேன். "வாருங்கோ, கோச்சி விளையாடுவம்" என்று பன்னிரண்டு பேரையும் ரயில் பெட்டிகள் போல வரிசையாக நிறுத்தி, இடுப்பில் ஒவ்வொரு சுற்றுப் போட்டுக் கட்டினேன். முன்னுக்கு நின்ற தருமு எஞ்சின். பூமணி சின்னவள் என்பதால் கடைசியில், மரத்தடியில். கயிற்றின் நுனியை மரத்துக் கொப்பில் கட்டிவிட்டு, என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு போனேன்.

அந்த மரம் முருங்கை. முருங்கை பெருத்தாலும் தூணுக்கு ஆகாது என்று ஊரில் வாய் திறந்த எல்லோரும் சொல்வார்கள். அதைவிட, கோச்சி என்றால் ஓடும் என்பதாவது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பொட்டு இருந்தது. நான் அதனருகில் தலையைக் குனிந்து, கால் விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றேன். சைக்கிள் வந்தது. மெல்ல வந்தது. நின்றே விட்டது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல கூச்ச சுபாவம் என்று நினைத்தேன்.

"உங்கடை பிள்ளையள் கிணத்தடியிலை நிக்குதுகள்" என்றார்.

அவர் என்னோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

திரும்பினேன். கொப்பு முறிந்திருந்தது. தருமு கிணற்றின் விளிம்பில் முழங்காலில் இருந்து உள்ளே எட்டிக்கொண்டிருந்தான். ஸ்டேசனில் எஞ்சினுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்த்திருக்கிறான். "கோச்சிக்குத் தண்ணி வேணும்" என்று அவன் கத்த, மற்றவர்கள் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒருவன் சறுக்கினால் பன்னிரண்டு பேரும் உள்ளே. நான்தானே கட்டிவிட்டேன்.

ஓடினேன். அவரும் சேட்டு கிழியப் பொட்டுக்குள்ளால் புகுந்து வந்தார். நான் தருமுவை அள்ளினேன், அவர் கயிற்றைப் பிடித்துப் பின்னுக்கு இழுத்தார். எல்லோரும் மல்லாக்க விழுந்தார்கள். அடியில் அகப்பட்டவள் பூமணி. அவளுடைய கை முறிந்த சத்தத்தை நான் கேட்டேன். அது இன்னும் என் காதில் இருக்கிறது.

முறிவு வைத்தியர் கட்டுப் போட்டு அனுப்பிய பிறகு, பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தாய் நாகம்மா கால் சேறு காயாமல் இருந்தாள். ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"படிச்ச பிள்ளை பாக்கும் எண்டு நம்பித்தான் விட்டனான் ரீச்சர். இனிப் பாக்கியம் வீட்டிலை நிக்கட்டும்" என்றாள்.

பாக்கியம் என் பின்னாலேயே வாசல் படலை வரைக்கும் வந்தாள். "ரீச்சர், தங்கச்சியை மடியிலை வைச்சுக்கொண்டு நான் வகுப்பிலை இருக்கட்டோ? அவள் சத்தம் போடாமல் நான் பாக்கிறன்" என்று கேட்டாள்.

மனேச்சரிடம் கேட்டுப் பார்த்தேன். சின்னக் குழந்தையை வகுப்பில் வைத்தால் இன்ஸ்பெக்டர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றார். கொட்டிலையும் அந்தக் கிழமையே பிரித்தார்கள். தோட்ட வேலை முடிந்ததும் மற்ற அக்காமார் திரும்பி வந்தார்கள். பாக்கியம் வரவில்லை. பூமணியின் கை ஒரு மாதத்தில் பொருந்திவிட்டது.

சம்பந்தம் முறிந்துவிடும் என்று எங்கள் வீட்டில் அழுதார்கள். மாப்பிள்ளையோ, "அந்தப் பிள்ளை எனக்கு முன்னாலை ஓடினது, அது காணும், வேறை ஒண்டும் வேண்டாம்" என்றாராம். அவர் அந்தக் கதையை இன்றைக்கும் விடுவதாக இல்லை. வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும், "என்ரை மனுசிக்குக் கலியாணத்துக்கு முந்தியே பன்னிரண்டு பிள்ளையள்" என்று தொடங்குவார். வந்தவர் தேத்தண்ணீரை வைத்துவிட்டு விழிப்பார்.

"பதின்மூண்டு" என்று நான் உள்ளேயிருந்து திருத்துவேன். கயிற்றில் இல்லாத பாக்கியத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன் என்று ஒருவருக்கும் விளக்கியதில்லை. எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

"ரீச்சராய் இருந்தவ எண்டு சொல்லுறியள் அப்பா, அம்மாவுக்கு இன்னும் பன்னிரண்டு வரைக்கும் எண்ணத் தெரியாது."