நேர்கோட்டாரும் இரண்டு பனிக் கிராமங்களும்

வளைகுடாவில் மூன்று நாடுகளில் மூட்டைப்பூச்சியோடும் ஃபோர்மேன்களோடும் காலம் தள்ளியவன் நான். நேர்கோட்டாரைப் போல ஓர் இம்சையை எங்கும் கண்டதில்லை.

ஜுபைல் கேம்ப்பில் எனக்கு மேல்தட்டுக் கட்டில் அவருடையது. பைப் ஃபிட்டர். நாளெல்லாம் குழாய்க்கு எல்போ வைத்துத் திருப்பித் திருப்பி, மனிதருக்கு வளைவு என்றாலே வெறுப்பு. ஊருக்கு ஊர் வான்வழித் தூரம் காட்டும் இணையப் பக்கம் ஒன்றை போனில் வைத்திருந்தார். அதில் எதையோ தட்டப்போய், கனடாவின் வடகோடியில் ரெசல்யூட், கிரீஸ் ஃபியர்ட் என்று இரண்டு பனிக் கிராமங்கள் வந்து விழுந்தன. அன்றோடு அவருக்கு நேர்கோட்டார் என்று பெயர் வந்தது, எங்கள் நிம்மதி போனது.

"தம்பி, ரெண்டுக்கும் நடுவுல ரோடே கெடையாது. ஒரே கோடு. குட்டி பிளேன் ஜிவ்வுன்னு போவும்."

"ஒங்க மாமியா வீடா அங்க இருக்கு?"

"இருந்தா நல்லாருக்கும். ரோடு இல்ல பாரு, அடிக்கடி வரமாட்டா."

சாப்பிடும்போது சொல்வார். பஸ்ஸில் சொல்வார். கொதிக்கிற வெயிலில் குழாய்மேல் உட்கார்ந்து அந்த ஊர்க் குளிரை வாசிப்பார். ஒருநாள் பொறுக்காமல் ஹெல்மெட்டை அவர்மேல் வீசினேன். குனிந்து தப்பித்துக்கொண்டு மிச்சத் தூரத்தையும் சொல்லி முடித்தார்.

அப்போதுதான் பட்டுக்கோட்டையிலிருந்து போன் வந்தது. அப்பாவுக்கு இதய ஆபரேஷன். மகனைப் பார்க்காமல் உள்ளே போகமாட்டேன் என்று அடம்பிடிக்கிறார். என் பாஸ்போர்ட்டோ ஆபீஸ் பீரோவில். நம் பாஸ்போர்ட்டை நம்மைத் தவிர எல்லாரும் பத்திரமாக வைத்திருக்கிற ஊர் இது. மேனேஜர், "கல் ஆவோ" என்றார். நாளைக்கு வா. மறுநாளும் அதே பாட்டு.

நேர்கோட்டார் டியூட்டிக்குப் போகவில்லை. மேனேஜர் அறைக்குள் புகுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சாப், உதர் ஒன்லி பரஃப். ரோடு மாஃபி, டாக்சி மாஃபி. ஆத்மி பீமார், பிளேன் ஆத்தா ஹை. இதர் ரோடு ஹை, பிளேன் ஹை. பாஸ்போர்ட் மாஃபி."

அங்கே வெறும் பனி. ரோடு இல்லை, டாக்சி இல்லை, ஆனால் ஒருவனுக்கு நோய் என்றால் விமானம் வருகிறது. இங்கே எல்லாம் இருக்கிறது, பாஸ்போர்ட்தான் இல்லை. இதைத்தான் இந்தி என்று நம்பிப் பேசினார். மேனேஜர் வெளியே போகச் சொன்னார். இவர் அடுத்த பனிக் கிராமத்தின் கதைக்குப் போனார். அது முடிந்ததும் முதல் கிராமத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார். மதிய பாங்கு ஒலிக்கும் முன் பீரோ திறந்துவிட்டது. "இஸ்கோ லே ஜாவோ பாய்" என்று மேனேஜர் என்னிடம் கெஞ்சினார். இந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போ.

நேர்கோட்டாருக்குச் சம்பளத்தில் வெட்டு விழுந்தது. அதற்கு வாயைத் திறக்கவில்லை. என் டிக்கெட்டைப் பார்த்ததும்தான் கொதித்தார்.

"எந்த மடையன்டா ஒன்ன கொழும்பு சுத்தி அனுப்புறான்? நடுவுல எல்போ வச்சிருக்கான் பாரு."

அப்பா என்னைப் பார்த்துவிட்டுத்தான் ஆபரேஷனுக்குப் போனார். இப்போது என்னைத் திட்டும் அளவுக்குத் தேறிவிட்டார்.

நான் ஜுபைலுக்கே திரும்பிவிட்டேன். நேர்கோட்டார் குவைத்தில் இருக்கும் ஃபஹாஹீலுக்கு மாறிவிட்டார். அப்படியும் விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போன்.

"தம்பி, ஒனக்கும் எனக்கும் நடுவுல நேர்தூரம் எவ்ளோ தெரியுமா?"

எனக்கு அது மனப்பாடம். ஆனாலும் ஒவ்வொரு வாரமும் "தெரியாதுண்ணே" என்கிறேன். தெரியும் என்றால் போனை வைத்துவிடுவார்.