சிலாபம் தாண்டிய கார்

தனியாக இருக்கிற மனிதனுக்கு, எல்லாவற்றிலும் தானே கெட்டிக்காரன் என்ற எண்ணம் மெல்ல வந்துவிடும். பிழை சொல்ல வீட்டில் ஆளில்லை என்பதுதான் காரணம். (மனைவி இருந்த காலத்தில் எனக்கு அந்த எண்ணம் ஐந்து நிமிடம்கூட நின்றதில்லை.)

அவள் மௌத்தான பிறகு எத்தாளை வீட்டில் நானும் எங்கள் பழைய காரும்தான் மிச்சம். கார் சும்மா நின்றால் பற்றரி செத்துவிடும் என்று யாரோ சொன்னார்கள். அதனால் மாலையானால் அதில் ஏறி உட்கார்ந்து எஞ்சினை ஓட விடுவேன். தேநீரும் அங்கேதான், ரேடியோவும் அங்கேதான். எங்கும் போக மாட்டேன். போவதற்கு எனக்கு இடம் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கிணற்று நீரை அள்ளி ஊற்றிக் காரைக் குளிப்பாட்டுவேன். எங்கள் வளவு களப்புப் பக்கம் சரிந்தது. கார் உருண்டுபோய்த் தண்ணீரில் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்து வைத்திருந்தேன்.

கத்தாரில் ஒரு கராஜில் வேலை செய்யும் மகன் லீவில் வருவதாகச் சொன்னான். உம்மாவின் ஜனாஸாவுக்கு அவனால் வர முடியவில்லை. உம்மா இல்லாத வீட்டுக்கு அவன் வருவது இதுதான் முதல் தடவை. அந்த வாசலில் பிள்ளை தனியாக வந்து நிற்கக்கூடாது என்று எனக்கு ஒரே பிடிவாதம். எயார்போட்டிலிருந்து நானே கூட்டிவந்து, நானே முதலில் உள்ளே போய், பிறகு அவனைக் கூப்பிட வேண்டும்.

“வேன் ஒண்டு அனுப்புங்க வாப்பா, போதும்” என்றான்.

“சொந்தக் கார் இரிக்கக்குள்ள வேன் என்னத்துக்கு?” என்றேன்.

அன்று காலையில் எஞ்சின் ஒரே திருப்பில் உறுமியது. பற்றரி சிங்கம் மாதிரி இருந்தது. கியரைப் போட்டு மிதித்தேன். முன்சில்லுகள் மணலைத் தோண்டின. கார் பின்பக்கத்தைத் தரையில் ஊன்றிக்கொண்டு நாலு முழம் நகர்ந்து நின்றது. இறங்கிப் பார்த்தால் பின்சில்லுகள் சுற்றவே இல்லை. ஏர் பூட்டி உழுததுபோல் இரண்டு சால் கிடந்தது. ஹேண்ட் பிரேக்கை விட்டேன், இழுத்தேன், பிஸ்மி சொல்லி மறுபடி விட்டேன். ஊரிலிருந்த ஒரே கராஜ்காரர் கல்யாண வீட்டுக்குப் போயிருந்தார். காரை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டியே மதியமாகிவிட்டது.

மகன் எயார்போட்டில் வந்திறங்கிக் கைப்பேசியில் அழைத்தான். “வாப்பா, எங்க நிக்கிறீங்க?”

“சிலாபம் தாண்டிட்டன் மகன்.” (சிலாபம் பாதி வழிக்கும் மேல்.)

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர்ப் பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஒலித்தது.

“சிலாபத்திலயும் நம்மட மோதினார்தானா பாங்கு சொல்றார்?” என்று கேட்டான்.

உண்மையைச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. “நான் பஸ் ஏறுறன். வீடியோவப் போடுங்க” என்றான்.

பஸ் மாரவிலைக்கு வருவதற்குள், அவன் சொல்லச் சொல்ல, முன்சில்லுக்குக் கல் வைத்து, ஜக் ஏற்றி, ஒரு பின்சில்லைக் கழற்றிவிட்டேன். உள்ளே பிரேக் ட்ரம் துருவேறிச் செங்கல் நிறத்தில் இருந்தது.

“காரை என்ன தண்ணியில கழுவினீங்க?”

“கிணத்துத் தண்ணிதான்.”

“நம்மட கிணறு உவர், வாப்பா. உம்மா அதுல பாத்திரங்கூடக் கழுவ மாட்டா. உப்புத் தண்ணி உள்ளுக்குப் போய், இழுத்து வச்ச பிரேக் அப்படியே ட்ரம்மோட ஒட்டிப்பிடிச்சிட்டு.”

கார் பளபளக்க வேண்டும் என்று நான் செய்த உபகாரம் அது.

ட்ரம்மைச் சுற்றிச் சுத்தியலால் தட்டச் சொன்னான். நான் போட்ட போட்டில், பஸ்ஸின் முன்சீட்டிலிருந்த சிங்களப் பெண்ணொருத்தி திரும்பிப் பார்த்து, “அங்கிள், ஹெமின் கஹன்ன” என்றாள். மெதுவாக அடிக்க வேண்டுமாம். அவள் தொடங்கியதும் ஆளுக்கொரு யோசனை வந்தது. சிலாபம் வருவதற்குள் பாதிப் பஸ் எனக்குப் பழக்கமாகிவிட்டது. (என் வளவில் அத்தனை குரல் கேட்டு வெகுகாலம். துரு இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடித்தால் நல்லது என்றுகூட எனக்கு ஆசையாக இருந்தது.)

ட்ரம்மிலிருந்த இரண்டு துளைகளில் போல்ட் பூட்டி மாறி மாறி இறுக்கினேன். ‘டக்’கென்று கழன்றது. பஸ்ஸில் கை தட்டினார்கள். துருவை உப்புத்தாளால் தேய்த்துப் பூட்டி, மற்றப் பக்கத்துக்கும் அதே வைத்தியம் செய்தேன். பஸ் முந்தல் ஊரைத் தொடும்போது இரண்டு சில்லும் கையால் தள்ளச் சுற்றின. அதை அவனுக்குக் காட்டப் போனபோது சார்ஜ் தீர்ந்து கைப்பேசி அணைந்துவிட்டது.

மூளையுள்ளவன் வீட்டிலேயே காத்திருந்திருப்பான். நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு, எங்கள் ஊருக்குப் பஸ் மாற வேண்டிய பாலாவிச் சந்திக்குக் காரில் பறந்தேன். எயார்போட்தான் இல்லை, பாலாவியிலாவது அவனைக் கூட்டிக்கொள்ளலாம் அல்லவா? வந்த பஸ்களின் ஜன்னல்களையெல்லாம் பார்த்தேன். இறங்கியவர்களை யார் யாரோ வந்து கூட்டிப் போனார்கள். நான் மட்டும் கிரீஸ் கையோடு நின்றேன். கடைசியில் ஒரு தேநீர்க் கடையில் கெஞ்சி, கைப்பேசியைச் சார்ஜில் போட்டதும் அழைப்பு வந்தது.

அவன் எனக்கு முன்பே பாலாவியில் இறங்கிக் கற்பிட்டி பஸ் ஏறியிருக்கிறான். வழியில் எங்கேயோ ஒருவரை ஒருவர் கடந்து போயிருக்கிறோம்.

“வாசல்ல நிக்கிறன் வாப்பா. வீடு பூட்டிக் கிடக்கு.” பூட்டை ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது. “நம்மட வீடு பூட்டிக் கிடந்து நான் கண்டதே இல்ல.”

எது நடக்கக்கூடாது என்று நினைத்தேனோ, அதை நாள் முழுக்கப் பாடுபட்டு நானே நடத்தி வைத்திருந்தேன். வழி நெடுக அழுதுகொண்டே ஓட்டினேன். பிரேக் மட்டும் அருமையாகப் பிடித்தது.

நான் போனபோது அவன் வாசற்படியில் இருந்தான். என் முகத்துக் கிரீஸைப் பார்த்தான், மணலில் இழுபட்ட தடத்தைப் பார்த்தான், சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. என்னிடமிருந்து சாவியை வாங்கி அவனே கதவைத் திறந்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் உள்ளே போனோம்.

இப்போது லீவில் புறப்படும் முன் அவன் தவறாமல் அழைத்து ஒரு விஷயம் சொல்வான். கதை சொந்தக்காரர்களிடம் பரவி, பெருநாளைக்கு வருகிறவர்கள்கூட என்னைச் சீண்ட அதையே சொல்கிறார்கள். அவர்கள் சொன்னால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அவன் சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

“வாப்பா, நீங்க எங்கயும் வர வேணாம். கதவத் திறந்து வச்சிட்டு, உள்ளுக்கு இரிங்க.”