ஏறுவது வரை என் பொறுப்பு

வைத்தியர் சொன்னதில் பாதியைச் செய்துவிட்டு, மீதிக்கு வைத்தியரைத் திட்டுகிற ரகம் நான். இதை நானே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி நல்லம்மா முந்திக்கொள்வாள்.

எண்பதுகளில் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற ஆளாக இருந்தேன். சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடி உச்சி வரைக்கும் படர்ந்திருக்கும். ஒற்றை மூங்கிலில் கால் வைக்கக் கணுக்களை விட்டு வெட்டிய ஏணியை மரத்தோடு சேர்த்துக் கட்டி, முப்பது நாற்பது அடி ஏறி, இடுப்புச் சாக்கில் பறித்துப் போட வேண்டும். எங்கள் செட்டில் எட்டுப் பேர். அதில் நான்தான் வேகம் (நானே சொல்லிக்கொண்டதுதான்). பத்து வருடம் மரத்திலிருந்து விழாதவன், ஒரு மழை நாளில் வீட்டு வாசற்படியில் வழுக்கி வலது காலை முறித்துக்கொண்டேன். மரத்திலிருந்து விழுந்திருந்தாலாவது ஒரு மரியாதை இருந்திருக்கும்.

மூன்று மாதம் மாவுக்கட்டு. நல்லம்மா ராகிக் களியும் ஆட்டுக்கால் சூப்புமாகப் போட்டுத் தள்ளினாள். கட்டைப் பிரித்தபோது வயிறு முன்னால் வந்திருந்தது, கால் முருங்கைக்காயாகியிருந்தது. டிஸ்பென்சரி கம்பவுண்டர் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"தெனம் மேடு ஏறி எறங்குங்க. ரெண்டும் பண்ணோணும். ஏறுறது ஒரு பலம், எறங்குறது வேற பலம்."

மேனேஜரும் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். "தை பொறந்ததும் ஒரு மரம் ஏறிக் காட்டு. முடியலைன்னா நர்சரிக்குப் போய் நாத்துக்கு மண்ணுப்பை ரொப்பு. உன் எடத்துக்கு வேற ஆள் போட்டுக்கறேன்" என்றார். மண்பை நிரப்புவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அந்த வயதில் எனக்கு அது உயிர் போகிற அவமானமாகத் தெரிந்தது. ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை.

எங்கள் வீடு வெள்ளக்கடையில். காலையில் குறுக்குப் பாதையில் மேட்டு ரோடு வரைக்கும் ஏறத் தொடங்கினேன். முதல் நாள் ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். திரும்பி இறங்க நாலடி வைத்ததும் முட்டி வெடவெடவென்று ஆடியது. அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. ஏறிக்கொண்டேன். அன்றிலிருந்து ஏறுவது வரை என் பொறுப்பு, இறக்கி விடுவது பஸ்ஸின் பொறுப்பு. நாலாவது வாரம் எங்கேயும் நிற்காமல் மேட்டைத் தொட்டேன். கண்டக்டர் "வாங்க பயில்வான்" என்று இடம் போட்டுக் கொடுப்பார்.

நல்லம்மாவுக்குத்தான் சந்தேகம். "ஏனுங்க, போகயில நடக்கறீங்க, வரயில பஸ்ஸுல வாறீங்களே?"

"எறங்கறதுக்கு எதுக்குடி பலம்? உட்டா தானா வருது" என்றேன். (ஆமாம், தானாக வரும். தேங்காயும் அப்படித்தான் வருகிறது.)

தை பிறந்தது. பனி விலகாத காலை. மேனேஜர் கடிகாரத்தோடு நின்றார். கடைசிச் சுற்றுக் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், நல்லம்மா உட்பட. நான் கடகடவென்று ஏறினேன். மூச்சுகூட வாங்கவில்லை. உச்சியில் நின்று, "அடுத்த மரம் எதுங்கய்யா?" என்று குரல் கொடுத்தேன். மேனேஜர் சிரித்தார். வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன்.

சாக்கு பாதி நிறைந்ததும் இடது காலைக் கீழே இறக்கினேன். உடம்புப் பாரம் மொத்தமும் வலது முட்டியில் உட்கார்ந்தது. முட்டி ஆடியது, ஏணி ஆடியது, பனியில் நனைந்த கணு வழுக்கியது. சட்டென்று காலை மேலே இழுத்து மரத்தைக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தரம் இறக்கிப் பார்த்தேன். அதே கதை. கீழே குனிந்தால் தலைகள் மட்டும் தெரிந்தன. செத்துப்போவேன் என்று நிஜமாகவே பயந்தேன்.

ஆனாலும் வாயைத் திறந்து சொல்ல வீம்பு விடவில்லை. மும்முரமாகப் பறிப்பதுபோல் நடித்தேன். கைக்கெட்டிய மிளகு தீர்ந்தது. பிஞ்சைப் பறித்தேன். அதுவும் தீர்ந்தது. சிவப்பெறும்பு சட்டைக்குள் புகுந்து கடித்துக்கொண்டிருக்க, இலையைப் பறிக்க ஆரம்பித்தேன்.

இலை ஒவ்வொன்றாக நல்லம்மாவின் தலையில் விழுந்தது. அவள் நிமிர்ந்து ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஏனுங்க, எறங்க வரலீங்களா?"

நான் இன்னொரு இலையைப் பறித்தேன். கூடையை இறக்கி வைத்தாள், சேலையை வரிந்து கட்டினாள், யாரையும் கேட்காமல் ஏணியில் கால் வைத்துவிட்டாள். மேனேஜர் "யம்மா, யம்மா" என்பதற்குள் என் குதிகாலுக்குக் கீழே வந்திருந்தாள்.

"நல்ல கால் மேலயே இருக்கட்டும். அந்தக் காலை மொதல்ல எறக்குங்க."

"முடியலடி."

"அந்தக் காலுங்க." என் வலது பாதத்தைப் பிடித்து அடுத்த கணுவில் அவளே வைத்தாள். "உளுந்து தொலைச்சீங்கன்னா நா என்னங்க பண்ணுவேன்? எலை பறிக்கறாராம் எலை."

ஒவ்வொரு கணுவுக்கும் "அந்தக் காலுங்க", ஒவ்வொரு கணுவுக்கும் ஒரு திட்டு. தரையைத் தொட்டதும் என் கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தேன். பெண்கள் யாரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அசிங்கமாக இருந்தது.

மேனேஜர் என்னைப் பார்க்கவேயில்லை. நல்லம்மாவைப் பார்த்தார்.

"நீ மரம் ஏறுவியாம்மா?"

"எறங்கவும் வருங்க" என்றாள்.

அந்த வருடம் என் இடத்தில் அவள் மிளகு பறித்தாள். எங்கள் எஸ்டேட்டில் ஏணி ஏறிய முதல் பொம்பளை அவள்தான். நான் நர்சரியில் மண்பை நிரப்பினேன். காலையில் என்னைப் பஸ்ஸில் மேட்டுக்கு அனுப்பி, நடந்து இறங்கி வரச் சொன்னாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளக் கூடாது என்று கண்டக்டரிடம் சொல்லி வைத்திருந்தாள். முதல் வாரம் கண்ணில் தண்ணீர் வந்தது. அடுத்த தையில் எனக்கும் ஏணி கிடைத்தது. அவள் தன் ஏணியைத் திருப்பித் தரவில்லை, செட்டில் ஒன்பது பேரானோம்.

இப்போது சேலத்தில் மகள் வீட்டில் இருக்கிறோம். மொட்டை மாடிக்கு நான் போனால் போதும், "அம்மா, அப்பா ஏறிட்டாரு" என்று மகள் கூவுவாள். நல்லம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து படியடியில் நிற்பாள். எனக்கு நன்றாகவே இறங்க வரும். இருந்தாலும் அவள் வரும்வரை மேலேயே நிற்பேன்.

"அந்தக் காலுங்க" என்பாள். எந்தக் கால் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்பதில்லை.