குழல் காக்கா ருசி பார்க்காத புரியாணி

கல்முனையில் ஒரு சாப்பாட்டுக் கடை எப்போது திறந்தது என்று யாராவது கேட்டால், நாடா வெட்டிய நேரத்தைச் சொல்லக் கூடாது. பள்ளிவாசல் லெப்பை துஆ ஓதி முடித்த நேரத்தையும் சொல்லக் கூடாது. அதற்கு முந்தின நாள் குழல் காக்கா முதல் வாய் விழுங்கிய நேரத்தைத்தான் சொல்ல வேண்டும். கடை உண்மையில் திறந்தது அப்போதுதான். மறுநாள் நடந்த நாடா வெட்டல் எல்லாம் படம் பிடிப்பதற்காக.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். அவர் தொழில் தகரவேலை. விளக்கு, புனல், எண்ணெய் அளக்கும் சுண்டு எல்லாம் செய்வார். எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி யாருடைய கூரைத் தகரத்தையோ கொண்டுவந்து அவருடைய வளவில் போட்டுவிட்டுப் போயிற்று. அந்தத் தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் வீடு வீடாகப் போய், "இது உங்கடயா?" என்று கேட்டார். ஊரில் பாதிப் பேருக்குக் கூரையே இல்லாத காலம் அது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்து "ஓம், எங்கடதான்" என்று பொய் சொல்ல ஒருவருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் பள்ளிவாசலில் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு, அதை உருட்டி முழ நீளத்தில் ஒரு குழல் செய்தார். அதை வாயில் வைத்து ஊதுவதில்லை, கதைப்பார்.

சூறாவளிக்குப் பிறகு ஊர் எழும்பியபோது கடைகளும் எழும்பின. இறக்குமதி திறந்துவிட்ட காலம். ஐஸ் பெட்டி வந்தது, கண்ணாடி அலுமாரி வந்தது, அலுமாரிக்குள் கட்லட்டும் றோல்சும் வரிசையாகப் படுத்தன. மாதத்துக்கு ஒரு புதிய ஹோட்டல். எல்லாருக்கும் விளம்பரம் தேவைப்பட்டது. காக்கா சைக்கிளில் ஏறி, மருதமுனையில் தொடங்கி நிந்தவூர் வரை குழலில் சொல்லிக்கொண்டு போவார். மருதமுனையில் தறிச் சத்தம் காதை அடைக்கும். ஒவ்வொரு தறியும் நூல் அறுந்து நிற்கும் இடைவெளியில் ஒவ்வொரு சொல்லாகச் செருகுவார். ஒரு கடையின் பெயர் அங்கே முழுதாகச் சேர்வதற்கு அரைமணி நேரம் பிடிக்கும்.

ஆனால் அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. ருசி பார்க்காததைச் சொல்ல மாட்டார். திறப்புக்கு முந்தின நாள் கடைக்காரர் ஒரு சட்டி சமைத்து அவருக்குப் போட வேண்டும். சாப்பிட்டு முடித்துக் கைகழுவிவிட்டு மூன்று தீர்ப்புகளில் ஒன்றைச் சொல்வார். "சொல்லலாம்" என்றால் குழலில் போகும். "மெல்லச் சொல்லலாம்" என்றால் குழலைச் சைக்கிள் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வழியில் கண்டவர்களிடம் சாதாரணக் குரலில், "இஞ்ச ஒரு கடை திறக்காங்க, போனாப் போங்க" என்று சொல்லிக்கொண்டு போவார். "சொல்ல ஏலா" என்றால் சைக்கிளை எடுக்கவே மாட்டார்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் கொத்து ரொட்டிக் கடை திறந்தபோது அவர் போட்ட அறிவிப்பு என்னுடைய குறிப்பில் சொல்லுக்குச் சொல் இருக்கிறது.

"கொத்து ரொட்டி சூடு. கொத்துற சத்தமும் நல்லம். கறி ஆணத்துல இறைச்சி இரிக்கி. கொஞ்சம் தேடணும். ஆறுதலாத் தேடினாக் கிடைக்கும்."

கடைக்காரர் கையில் இருந்த கொத்துத் தகட்டோடு தெருவுக்கு ஓடி வந்தார்.

"காக்கா, நீங்க எனக்கு விளம்பரம் பண்றயளா, வழக்குப் போடுறயளா?"

"இறைச்சி இரிக்கி எண்டுதானே சொன்னன். இல்ல எண்டா சொன்ன?"

அன்று பின்னேரம் கடை நிரம்பி வழிந்தது. இறைச்சி தேடுவதற்கென்றே சாய்ந்தமருதிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். கிடைத்தவர்கள் கையை உயர்த்திக் காட்டினார்கள். வெட்கம் தாங்காத கடைக்காரர் மறுநாள் முதல் இறைச்சியைக் கூட்டிப் போட்டார். காக்கா தானாகவே மறுபடி போய்ச் சாப்பிட்டுவிட்டு, கூலி கேளாமல் ஒரு சுற்றுப் போனார்: "இப்ப தேடத் தேவல்ல."

இதையெல்லாம் நான் ஏன் எழுதி வைத்தேன் என்றால், எனக்கும் ஒரு கிறுக்கு உண்டு. நீர்ப்பாசனக் கந்தோரில் கிளாக்கராக இருந்தேன். வாய்க்கால் திறந்த நாள், மூடிய நாள் எழுதிப் பழகிய கை சும்மா இருக்காது. தடித்த அட்டை போட்ட ஒரு கொப்பியில் ஊரில் திறக்கும் கடைகளை எழுதத் தொடங்கினேன். எந்தக் கிழமை, எத்தனையாம் பிறை, யார் துஆ ஓதினார், முதல் நாள் என்ன சமைத்தார்கள், காக்கா என்ன சொன்னார். நான் கண்ணால் காணாததை எழுதுவதில்லை என்பது ஊருக்குத் தெரியும். எந்தக் கடை முந்தி, எந்தக் கடை பிந்தி என்று சண்டை வந்தால் என் வீட்டுக்குத்தான் வருவார்கள்.

காக்காவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. கொப்பியை நான் விரித்து வாசித்தால், அந்த வரியில் விரலை வைத்து அழுத்திக்கொண்டு கேட்பார். முடிந்ததும் சொல்வார்: "கிளாக்கர்ர கொப்பியில இரிக்கி எண்டா இரிக்கி." அவர் ருசிபார்க்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே பண்டம் என் கொப்பிதான்.

இனி எனக்குச் சொல்லக் கஷ்டமான பகுதி. ஆண்டைச் சொல்ல மாட்டேன். நாள் சொல்லியே பெயரெடுத்தவன் ஆண்டை மறைப்பது அழகல்ல. ஆனால் ஆண்டைச் சொன்னால் கடை எதுவென்று கண்டுபிடித்துவிடுவார்கள். கடைக்காரர் என் மனைவியின் தம்பி.

மச்சான் அதுவரை புடவைக் கடையில் நின்றவர். நோன்புப் பெருநாளன்று ஹோட்டல் திறப்பதாக முடிவெடுத்தார். கொழும்பில் இருந்து சமையற்காரர் வருகிறார், புரியாணியில் அவரை அடிக்க ஆளில்லை என்றார். ரமழான் முடியப்போகிறது, அறிவிப்புப் போக வேண்டும். கச்சான் காற்று வாயைத் திறந்தால் மண்ணை அள்ளிப் போடும் ஆனி மாதம் அது. காக்கா தகரப் பட்டறையில் நோன்போடு இருந்தார்.

"நோன்போட எனக்கிட்ட நாக்கு இல்ல கிளாக்கர்" என்றார்.

பக்கத்தில் நின்ற மௌலவி ஒரு வழி சொன்னார். "சமைக்கிற ஆளுக்குத் தேவையெண்டா, நாக்குல வெச்சுப் பாத்துட்டுத் துப்பலாம். நோன்பு முறியாது."

"நான் சமைக்கிற ஆளில்லயே மௌலவி. மறுகா, ருசி நாக்குலயா இரிக்கி? விழுங்கினாத்தானே தெரியும்." என் பக்கம் திரும்பினார். "மஃரிபுக்கு நோன்பு திறந்த பொறகு ஒரு பீங்கான் கொண்டு வாங்க. சாப்பிட்டுட்டு நாளைக்கே சொல்றன்."

கொண்டுபோக எதுவும் இருக்கவில்லை. சமையற்காரர் இன்னும் கொழும்பில்தான் இருந்தார். பெருநாளுக்கு முந்தின நாள்தான் வருவாராம். நான் மச்சானிடம், திறப்பை ஒரு கிழமை தள்ளிப் போடச் சொன்னேன். மச்சான் தன் அக்காவிடம் போனார். அக்கா என்னிடம் வந்தார்.

"ஊர்ல உள்ள கடையெல்லாம் எழுதுறயள். என்ட தம்பிட கடைக்கு ரெண்டு வரி எழுதினா உங்கட பேனை உடைஞ்சு போகுமா?"

பேனை உடையவில்லை. அன்று நோன்பு திறந்து, கஞ்சி குடித்த வாயைக்கூடத் துடைக்காமல் கொப்பியை எடுத்து எழுதினேன். புதிய கடையின் புரியாணி ருசி பார்க்கப்பட்டது, உப்பு அளவு, இறைச்சி பதம். பிறையும் கிழமையும் பிழையில்லாமல் இருந்தன. பொய் எழுதும்போதுதான் என் கையெழுத்து மிக அழகாக வந்தது என்பதை அப்போதே கவனித்தேன்.

காக்காவிடம் கொண்டுபோய் வாசித்தேன். வரியில் விரலை வைத்து அழுத்தினார்.

"நீங்களே பாத்தயளா?"

"ஓம் காக்கா."

"விழுங்கிப் பாத்தயளா?"

"ஓம்."

கொஞ்ச நேரம் குழலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப நான் பாத்த மாதிரித்தான்" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தார். மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை, நோன்பு வாயோடு, கச்சான் காற்றுக்கு எதிராக, "சொல்லலாம்" குரலில் சொன்னார்: "பெருநாளைக்குப் புதுக் கடை. புரியாணி பாத்தாச்சு. நம்பி வாங்க."

சமையற்காரர் வரவில்லை. பெருநாள் காலை வரை பார்த்துவிட்டு மச்சான் தானே கிடாரத்தை அடுப்பில் ஏற்றினார். பன்னிரண்டு வருடம் புடவை அளந்த மனிதர். அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை அவர் முழத்தால் அளந்தாரோ, யாருக்குத் தெரியும். மேலே அரிசி, கீழே கரி, நடுவில் நோன்புக் கஞ்சி. ரமழான் முடிந்ததை அந்தக் கிடாரத்துக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் சனம் புதுச் சாரனும் புதுச் சட்டையுமாக வந்து அமர்ந்தது. பீங்கான்கள் வந்தன. சாய்ந்தமருதிலிருந்து பெண்சாதி பிள்ளைகளோடு வந்த ஒரு மீன்காரர் ஒரு பிடி வாயில் வைத்தார், மென்றார், மென்றுகொண்டே இருந்தார். வாசலில் பெருநாள் தொப்பியோடு நின்ற காக்காவைப் பார்த்தார்.

"காக்கா, உங்கட வாயை நம்பித்தான் பெருநாளும் அதுவுமா வீட்டுல சோறாக்காம வந்த. நீங்க பாத்தது இதயா?"

காக்கா உள்ளே வந்து அமர்ந்து ஒரு பீங்கான் கேட்டார். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கரியையும் சாப்பிட்டார். நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தோம். கைகழுவிவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய விலைப்பலகையை மிகக் கவனமாக வாசித்துக்கொண்டிருந்தேன். "கிளாக்கர் சொன்னார்" என்ற இரண்டு சொல் அவருக்குப் போதும். ஊரே என் பக்கம் திரும்பியிருக்கும்.

"பிழை என்ட" என்றார் மீன்காரரிடம். "இத நான் முந்திப் பாக்கல்ல. பாத்தன் எண்டு சொன்னது பொய். புள்ளைகளக் கூட்டிட்டு எங்கட ஊட்ட வாங்க. வட்டிலாப்பம் இரிக்கி, சோறும் இரிக்கி."

அதோடு விட்டிருந்தால் எனக்கு இத்தனை வருடம் உறுத்தியிருக்காது. மறுநாள் காலை அவர் சைக்கிளை எடுத்தார். கூலி கொடுக்க ஒருவரும் இல்லாத அறிவிப்பு. மருதமுனையில் தொடங்கினார். பெருநாள் விடுமுறை, தறி எதுவும் ஓடவில்லை. ஒரு சொல்கூடத் தவறாமல் எல்லாருக்கும் கேட்டதாம்.

"புதுக் கடைப் புரியாணிய ருசி பாக்காம, பாத்தன் எண்டு நான் பொய் சொல்லிட்டன். பொறுத்துக்குங்க."

சத்தம் பிரதான வீதியால் வருவது வீட்டுக்குள் இருந்த எனக்குக் கேட்டது. நெருங்கி வர வர என் மனைவி குசினியில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார். எங்கள் ஒழுங்கைக்குள் சைக்கிள் திரும்பியதும் சத்தம் நின்றுவிட்டது. ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். காக்கா குழலைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, வாயை மூடிக்கொண்டு, எங்கள் வேலியைத் திரும்பிப் பார்க்காமல் மெல்ல மிதித்துப் போனார். ஒழுங்கை முடிந்து அடுத்த தெரு தொடங்கியதும் மறுபடி குழலை எடுத்தார்.

நான் வெளியே போயிருக்கலாம். வேலிப் படலை வரை பதினொரு அடி. போகவில்லை.

சில மாதம் ஒரு கடையும் அவரைக் கூப்பிடவில்லை. கூரையில் ஒலிபெருக்கி கட்டிய கார் வந்து எல்லாக் கடையையும் ஒரே குரலில் புகழ்ந்தது. சந்தியில் நின்ற இளந்தாரிகள், "காக்கா, இண்டைக்குப் பாத்தயளா, பாக்கல்லயா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். அவர் விளக்குத் திரிக்குழாய்க்குத் தகரம் வெட்டிக்கொண்டிருந்தார். பிறகு சந்தைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை போட்ட ஒரு வயதாளி அவரைத் தேடி வந்தார். "பிழைய ஊர் முழுக்கப் போய்ச் சொன்ன மனிசன் நீ ஒருத்தன்தான். வந்து என்ட தேத்தண்ணியக் குடிச்சுப் பாரு."

அந்தக் கடைக்குக் காக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வழியில், "காக்கா, அண்டைக்கு அந்தப் புரியாணி..." என்று தொடங்கினேன்.

"தேத்தண்ணி ஆறிடும், கெதியா நடங்க" என்றார்.

கடையில் நான் வழக்கம்போல் கொப்பியைத் திறந்தேன். காக்கா தன் கிளாசை என் முன்னால் தள்ளி வைத்தார். "முதல்ல குடிங்க. மறுகா எழுதுங்க." அதற்குப் பிறகு திறந்த ஒவ்வொரு கடையிலும் அப்படித்தான். எனக்குச் சீனி வியாதி வந்தது அந்தத் தேத்தண்ணிகளால்தான் என்று டாக்டரிடம் சொன்னால் நம்ப மாட்டார்.

காக்கா மௌத்தாகி அடக்கமாகி வெகு காலம். கொப்பி என்னிடம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் அந்த அழகான கையெழுத்தும் அப்படியே இருக்கிறது. இன்று காலை அதன் கீழே, "நான் ருசி பார்க்கவில்லை" என்று எழுதினேன். கொப்பிக்குள் எழுதுவது குழலைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு சொல்வதுபோல் என்று தோன்றியது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கும் எழுதினேன்.

நிந்தவூர் வரைக்கும் கேக்குதா, காக்கா?