பசை காயாத நன்றி அட்டை

எனக்கு எந்தக் கைவேலையும் வராது. தூங்க மட்டும் நன்றாக வரும். (உட்கார்ந்து, நின்று, கம்பியைப் பிடித்துத் தொங்கியபடி, எப்படி வேண்டுமானாலும்.) தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாயங்கால கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும். ஏரித் தண்ணீர், கொக்கு, புகைபோக்கி எல்லாம் ஒன்றாகக் கரைந்து கனவாகிவிடும். கவரைப்பேட்டையில் இறங்க வேண்டியவள் எங்கெங்கோ போய் இறங்கியிருக்கிறேன்.

அப்புறம் பின் சீட்டு முரளி எழுப்பிவிட ஆரம்பித்தார். மெயின்டனன்ஸில் வேலை. என் சீட்டுக் கம்பியைத் தட்டி, “ஸ்டாப்பிங்” என்பார். அவ்வளவுதான் பேச்சு. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் வீடு கட்டி, வாசலில் கோலம் போட்டு, பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். அவர் மனதில் நான் இருக்கிறேனா என்று கேட்கத்தான் வாய் வரவில்லை. நன்றி சொல்லும் சாக்கில் தெரிந்துகொள்ளலாம் என்று, கையாலேயே ஓர் அட்டை செய்யத் துணிந்தேன்.

போனில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் செய்து காட்டினார். இலை, துணி, நூல், வர்ணம் எல்லாம் அடுக்கி ஒட்டினால் இயற்கையே அட்டையில் வந்து உட்காருமாம். அவர் ஒட்டிய இலை எங்கள் பக்கம் முளைப்பதில்லை. எங்கள் வீட்டில் இருந்தது வேப்பமரம். அதில் ஒரு கொத்து ஒடித்தேன். வர்ணம் இல்லாததால் பழைய வேட்டித் துண்டை மஞ்சளில் தோய்த்தேன். அந்திச் சூரியனுக்குக் குங்குமம். எல்லாம் நிற்க அரை டப்பா பசை. தொங்கவிட ஒரு சிவப்பு நூலும் கட்டி, பின்பக்கம் ‘தினமும் எழுப்பிவிடுவதற்கு நன்றி’ என்று எழுதினேன். அம்மா பார்த்தாள். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். கலையை மதிக்கத் தெரிந்த குடும்பம் என்று பூரித்துப்போனேன்.

மறுநாள் பஸ்ஸை விட்டு இறங்கும்போது அட்டையை அவர் கையில் திணித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். அன்றைக்குத் தெரு, விளக்கு, நாய் எல்லாமே அழகாக இருந்தன.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் முரளி முதல்முறையாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“இன்னாங்க குடுத்தீங்க எங்கைல? பசை காயலையேன்னு வாசப்படி ஆணில மாட்டிட்டு குளிச்சிக்கினு இருந்தேன். அந்நேரம் பாத்து பெரியபாளையத்துலேர்ந்து பொண்ணு ஊட்டுக்காரங்க வந்தாங்க. மஞ்ச துணியும் வேப்பலையும் பாத்துட்டு, ஊட்ல அம்ம போட்டுக்கீதுன்னு தெருவுலயே கும்பிட்டுட்டு வண்டியத் திருப்பிட்டாங்க.”

அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், வெளியாள் படியேறக் கூடாது என்பது எங்கள் பக்கத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். (ஒட்டும்போது மட்டும் தெரியவில்லை.) ‘பொண்ணு ஊட்டுக்காரங்க’ என்றதும் என் உயிர் போயிற்று. ‘திருப்பிட்டாங்க’ என்றதும் வந்துவிட்டது. அந்த வெட்கங்கெட்ட சந்தோஷத்தை மறைக்க முகத்தைத் துப்பட்டாவில் புதைத்துக்கொண்டேன். நான் அழுவதாக நினைத்து, பாவம், அவர் சமாதானம் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். செய்தி ஊரெல்லாம் பரவி, பால்காரர் தெருமுனையோடு நின்றுவிட, அக்கம்பக்கத்தார் அம்மனுக்கென்று இளநீராகக் கொண்டுவந்து வாசலில் குவித்திருந்தார்கள். பெண் வீட்டாரோ, அம்மனே குறுக்கே நின்றுவிட்டாள், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்களாம். குற்றவாளி நான்தான் என்று அட்டையைத் திருப்பி எழுத்தைக் காட்டினேன். அவர் அம்மா நிதானமாகப் படித்தார். எந்த ஊர் என்று கேட்டார். கவரைப்பேட்டை என்றேன்.

மகன் பக்கம் திரும்பினார். “ஏண்டா, நம்ம ஸ்டாப்பிங் அதுக்கு முன்னாடியே வந்துருமே. இவள எழுப்பறதுக்கா தெனம் அவ்ளோ தூரம் போய்க்கினு, நடந்து வர்ற?”

முரளி ஓர் இளநீரைச் சீவ ஆரம்பித்தார். வழி கேட்டு அந்த வீட்டுக்கு வந்த எனக்கே அதுவரை அது உறைக்கவில்லை. எனக்குக் கண் கலங்கியது, இந்தமுறை நிஜமாகவே.

இன்றைக்கும் விசேஷ வீடுகளில் எங்களைப் பார்த்து யாராவது லவ் மேரேஜா, பார்த்து வைத்ததா என்று கேட்டால் மாமியார் என்னை முந்திக்கொள்வார்.

“ரெண்டும் இல்ல. இவ அம்ம போட்டு வந்த மருமவ.”