ரைட்டரின் நாலு பெருக்கல் நாலு

சேர்வராயன் மலையில் மோட்டார் வண்டி ஏறத் தொடங்கிய நாள் முதல், இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கும் காரை நாலு சக்கரமும் இழுக்கிறது என்று ஊரை நம்பவைக்கப் பாடுபட்ட ஒரே மனிதர், பிற்பாடு பதினாறு என்று பெயர் வாங்கிய எங்கள் ரைட்டர்தான். ஊர் நம்பவில்லை. காரும் நம்பவில்லை. அவர் நம்பினார், அதுவும் இறக்கத்தில் மட்டும்.

கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர், நான் ஸ்டோர் கிளார்க். வேலையாட்களின் வருகையை எழுதுவது, பறித்த பழத்தை எடை போடுவது, மூட்டைகளில் பெயின்டால் நம்பர் போடுவது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் எழுதும் ஆறுக்குத் தலையில் தூண்டில் முள் மாதிரி ஒரு கொக்கி இருக்கும். குடோனில் எத்தனை மூட்டை அடுக்கியிருந்தாலும் அவர் போட்ட ஆறைத் தூரத்திலிருந்தே காட்டிவிடலாம். இருவருக்கும் ஏற்காட்டில் ஒரே தெருவில் வீடு என்பதால் தினமும் அவருடைய காரில்தான் வேலைக்குப் போய் வந்தேன். நான் சொல்வதெல்லாம் முன் சீட்டின் இடது பக்கத்திலிருந்து கண்ணால் கண்டது.

கார் சாதாரணமான வெள்ளைக் கார். சேலத்தில் ஒரு பல் டாக்டர் ஓட்டி அலுத்து விற்றது. மாமனார் மாமியாரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் வாரச் சந்தைக்குப் போய்வரவும் ஆகும் என்று ரைட்டரின் மனைவிதான் வாங்கச் சொன்னார். வாங்கிய ஒரு மாதத்தில் ரைட்டர் செல்போனில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டார். பாலைவனத்தில் மணலை வாரியிறைத்துக்கொண்டு ஒரு வண்டி போகிறது. மறுநாள் காலை காரைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஏனுங்க கிளார்க்கு, இத மேல் பிளாக்குக்கு ஏத்தோணுமுங்க" என்றார்.

மேல் பிளாக் என்பது எங்கள் எஸ்டேட்டின் உச்சி. அங்கே எஸ்டேட் ஜீப் மட்டும்தான் போகும். முன் சீட்டு மேனேஜருக்கு. ரைட்டருக்குப் பின்னால் உர மூட்டை. பத்தொன்பது வருஷம் அந்த மூட்டை மேல் உட்கார்ந்து, ஜீப்பின் தலைப்பக்கக் கம்பியைப் பிடித்தபடி குலுங்கிப் போய் வந்தவர் அவர்.

"ஒரே ஒருக்கா முன்னாடி சீட்டுல ஒக்காந்து அங்க போய் எறங்கோணும். அவ்வளவுதானுங்க." இந்த ஒரு வரியை அவர் சிரிக்காமல் சொன்னார். ஆகவே நானும் சிரிக்கவில்லை.

முதலில் முன்பக்கத்துக்கு இரும்புக் கம்பி பம்பர். சேலத்தில் அதைச் செய்து கொடுத்தவர் அதுவரை வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் மட்டுமே செய்தவர். வந்து சேர்ந்த பம்பரின் நடுவில் ஒரு தாமரை மலர்ந்திருந்தது.

"பைப்பு மட்டும் மொட்டையா இருந்துதுங்க. பாக்க நல்லால்ல" என்றாராம் அவர். ஒற்றைத் தாமரையோடு கொம்பு மாட்டிய அந்தக் காரைப் பார்த்து, பஜாரில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்து கூரையில் ஒரு கேரியர், அதில் ஏறப் பின்னால் ஓர் ஏணி. அந்தக் கேரியரில் எதையும் வைத்து நான் பார்த்ததில்லை. ஏணி வேண்டாமலே எங்கும் ஏறும் ஏற்காட்டுக் குரங்குகள், ஏணியைக் கண்டதும் ஆபீஸ் போகிறவர்கள் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்படியாக ஏறி, மேலே வரிசையாக உட்கார்ந்தன.

பிறகு வந்தது அந்தக் கறுப்புக் குழாய். பானெட்டின் பக்கத்தில் புறப்பட்டுக் கூரை வரை நிமிர்ந்து நிற்கும்.

"இது என்னத்துக்குங்க?" என்று கேட்டேன்.

"வண்டி தண்ணிக்குள்ள முழுகினாலும் எஞ்சின் மூச்சு உடறதுக்குங்க."

"ஏற்காட்டுல அத்தன தண்ணி எங்க இருக்குதுங்க?"

"ஏரி இருக்குதில்லீங்க."

அந்தக் குழாய் எஞ்சினோடு சேரவே இல்லை, பசை போட்டு ஒட்டியது என்று எனக்கு ஒரு மாதம் கழித்துத் தெரிந்தது. பழம் பறிக்க வரும் பழனியம்மாள் அதற்கு முன்பே ஒரு பயன் கண்டுபிடித்துத் தன் சோற்றுத் தூக்குப்போசியை அதில் மாட்டி வைத்திருந்தார். எறும்பு ஏறாதாம்.

பெரிய டயர் போட்டு, ஸ்பிரிங்குக்கு அடியில் கட்டை கொடுத்துக் காரை உயர்த்தியதும் ரைட்டரின் மனைவியால் ஏற முடியவில்லை. அதற்காக ஒரு பிளாஸ்டிக் முக்காலி எப்போதும் காரிலேயே இருந்தது. பஜாரில் கார் நின்றால் ரைட்டர் ஓடி வந்து, கதவைத் திறந்து முக்காலியைப் போடுவார். அம்மையார் தேரிலிருந்து இறங்குவதுபோல் இறங்குவார்.

"ஊட்டுக் கதவுல தாழ்ப்பா ரெண்டு வருசமா ஆடுதுங்க. அத மாட்டறதுக்கு இவருக்கு நேரமில்லீங்க" என்று முக்காலியில் நின்றபடியே என்னிடம் முறையிடுவார்.

கடைசியாக, நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் இருப்பதுபோல், பின் கண்ணாடியில் 4 x 4 என்று ஒரு பெரிய ஸ்டிக்கர் ஒட்டினார். அதுதான் அவர் செய்த பிழை. வேறு யாராவது ஒட்டியிருந்தால் எஸ்டேட்டில் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் இவர் நாள் முழுக்கக் கணக்குப் போடுகிறவர், ஒரு கூடைப் பழம் விட்டுப்போனாலும் திருப்பி எண்ணுகிறவர். பழனியம்மாள் கண்ணாடியை நிதானமாகப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஏனுங்க ரைட்டரே, கணக்கப் போட்டுட்டு விடைய எழுதாம உட்டுட்டீங்க?"

அன்று மாலை பின் கண்ணாடியின் புழுதியில், ஸ்டிக்கருக்குப் பக்கத்தில், = 16 என்று யாரோ விரலால் எழுதியிருந்தார்கள். ரைட்டர் துடைத்தார். மறுநாளும் இருந்தது. ஒரு வாரத்தில் அவர் பெயரே பதினாறு ஆகிவிட்டது. மேனேஜர்கூட ஒருநாள் வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இருமினார்.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் மேல் பிளாக்குக்குப் புறப்பட்டோம். முதல் வளைவை மூன்று முறை முன்னும் பின்னும் ஓட்டித் திருப்பினார். இரண்டாவது வளைவும் அப்படியே. மூன்றாவது வளைவுக்குக் கீழே செம்மண் சேற்றில் முன் சக்கரங்கள் இரண்டும் அந்தரத்தில் சுற்றுவதுபோல் சுற்றின. பின் சக்கரங்கள் தங்களுக்குச் சம்பந்தமே இல்லை என்பதுபோல் இருந்தன.

மேலே போயிருந்த எஸ்டேட் ஜீப் திரும்பி வந்தது. டிரைவர் பம்பரில் கயிறு கட்டி இழுத்தார். தாமரை மட்டும் கழன்று அவரோடு போனது. அவர் அதை எடுத்து வந்து பவ்யமாக ரைட்டரின் கையில் கொடுத்தார்.

அதற்குள் பறிக்கப் போகும் பெண்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். காரைச் சுற்றி நின்றார்கள்.

"கீழ தள்ளோணுமா, மேல தள்ளோணுமா? சொல்லுங்க ரைட்டரே" என்றார் பழனியம்மாள்.

ரைட்டர் தாமரையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். வெளியே இறங்கி நின்ற நான் கண்ணாடி வழியாக அவர் முகத்தைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது என்று தோன்றியது.

"மேலயே தள்ளுங்க" என்றேன் நான்.

தள்ளினோம். எஞ்சின் எப்போதோ அணைந்துவிட்டது. அந்த வளைவும் அதற்கு மேல் ஓர் ஏற்றமும் கடந்து, மேல் பிளாக் களத்தில் கார் போய் நின்றது. ரைட்டர் முன் சீட்டிலிருந்து இறங்கினார். சட்டையைச் சரிசெய்துகொண்டார். முஸ்டரில் ஆள் கணக்கு எழுதும் பழக்கம் விடுமா? தள்ளியவர்களை விரல் நீட்டி எண்ணினார். பெண்கள் பதினாலு பேர், நான், ஜீப் டிரைவர்.

"விடை வந்துருச்சுங்க" என்றார் பழனியம்மாள்.

அன்று முதன்முறையாக ரைட்டரும் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு கண்ணாடியில் எழுதியதை அவர் துடைக்கவில்லை.

மாசி மாதம் ரைட்டர் மனைவியோடு மாமனாரைப் பார்க்கச் சேலம் போகும் வழியில், மலை அடிவாரத்தில் வண்டிகளைச் சோதிக்கும் அதிகாரி ஒருவர் நிறுத்தினார். நானும் கூட இருந்தேன். அவர் ஆர்.சி. புத்தகத்தைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி புத்தகத்தைப் பார்த்தார்.

"இதுல எழுதியிருக்கற கார் எங்கீங்க?"

"உள்ள இருக்குதுங்க" என்றார் ரைட்டர்.

அதிகாரி நல்ல மனிதர். ஏழு நாள் அவகாசம் கொடுத்தார். அதற்குள் எல்லாவற்றையும் கழற்றிக் காரைப் பழையபடி கொண்டுவந்து காட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரெஜிஸ்ட்ரேஷன் ரத்து. சட்டம் அப்படி. சொன்னதிலும் தப்பில்லை. ரைட்டரின் மனைவி முக்காலியில் இறங்கி வந்து அவருக்கு நன்றி சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழற்றினோம். பம்பர், கேரியர், ஏணி, குழாய், டயர் எல்லாம் போயின. ஸ்டிக்கரை வெந்நீர் ஊற்றி அவரே உரித்தார். ஏணி போன வருத்தத்தில் நாலு குரங்குகள் மதிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தன. மனைவி மட்டும் முக்காலியைத் திருப்பித் தரவில்லை. பழகிவிட்டதாம்.

அடுத்த வாரம் பஜாரில் நாலைந்து வெள்ளைக் கார்கள் வரிசையாக நின்றன. ரைட்டர் சாவியோடு போய் வேறு ஒருவருடைய கார்க் கதவைத் திறந்துகொண்டிருந்தார். உள்ளே இருந்த சுற்றுலாக் குடும்பம் பயந்துவிட்டது. "தப்பா வந்துட்டனுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் காரில் வந்து உட்கார்ந்தார். பத்தொன்பது வருஷம் மூட்டை மேல் உட்கார்ந்து போனவரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் தெருவில் இறங்கியதும், அவர் வீட்டுக்குள் போகும்வரை காத்திருந்தேன். வெயில் காலத்துப் புழுதி பின் கண்ணாடியில் கனமாகப் படிந்திருந்தது. விரலால் 4 x 4 என்று எழுதிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட வந்தபோது பக்கத்தில் = 16 என்று இருந்தது. ஆறின் தலையில் கொக்கி.

காப்பிச் செடி பூக்கப் பங்குனியில் ஒரு மழை வேண்டும். எஸ்டேட்டில் எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சம்பளம் வாங்குகிறவன் நினைக்கக் கூடாததுதான், ஆனால் அந்தக் கண்ணாடிப் புழுதியைப் பார்த்தபோது, அந்த வருஷம் மழை கொஞ்சம் தாமதித்து வரட்டும் என்று நான் நினைத்தேன்.